கம்பியைக் கட்டியவள்

பத்திரிகைக்காரம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறாள் என்று தெரிந்ததிலிருந்து அத்தைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓடாத கைகாலோடே வீட்டை இரண்டு தடவை கழுவிவிட்டாள். மழை விட்டபாடில்லை. கழுவிய தரை காயாமல் கிடந்தது. அதில் பேத்தி வழுக்கி விழுந்தாள். அதற்கும் மாப்பிள்ளையைத்தான் முறைத்தாள்.

"விழுந்த பிள்ளையத் தூக்கறதுக்கும் யாராவது வந்து சொல்லணுமா?"

அவன் தூக்கினான். சொன்னதைச் செய்வது அவனுக்குச் சுலபமாக இருந்தது. சொல்லாததைச் செய்யத்தான் முடியவில்லை.

சலவை ஆலையில் பாய்லர் பார்க்கிறவன் அவன். ஆஸ்பத்திரி, ஓட்டல், விடுதி என்று ஊரில் யார் எங்கே படுத்து எழுந்தாலும் அந்த விரிப்பு ஆலைக்குத்தான் வந்து சேரும். கறையும் நாற்றமுமாக மூட்டையில் வரும். வெள்ளையாக, மடிப்புக் குலையாமல், சூடு ஆறுவதற்குள் வண்டி ஏறும். நடுவில் இருப்பது தண்ணீர், சோப்பு, நீராவி, பெண்கள். நீராவி அவன் பொறுப்பு. அவன் மனைவி ரோலரில் இருந்தாள்.

ரோலர் என்றால் கொதிக்கிற இரும்பு உருளைகள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஈர விரிப்பின் இரண்டு முனைகளையும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து இரண்டு பெண்கள் அதன் வாயில் கொடுப்பார்கள். அது இழுத்துக்கொள்ளும். பின்பக்கம் காய்ந்து, தேய்த்து வைத்தது போல விழும். வாய்க்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மெஷின் நிற்கட்டும் என்று வைத்தது. ஆனால் விரிப்பு சுருண்டு தடித்து வந்தாலும் கம்பிக்கு அது கைதான். நின்றுவிடும். நின்றால் சூப்பர்வைசர் வந்து சாவி போட வேண்டும். அவர் வருவதற்குள் மூட்டை மலையாகிவிடும். அன்றைய கணக்கு முடியாமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் கம்பியை மேலே தூக்கி, கிழிந்த விரிப்புத் துண்டால் கட்டிவிடுவார்கள். காலையில் வந்ததும் கூந்தலை முடிவார்கள், கம்பியைக் கட்டுவார்கள். இரண்டும் ஒரே மூச்சில் நடக்கும்.

போன மழைக்காலத்தில் அவள் வலது கையை ரோலர் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இரண்டாவது வாரம் போய்ச் சேர்ந்தாள். அவள் கடைசியாகப் படுத்திருந்த விரிப்பும் ஆலைக்குத்தான் வந்திருக்கும். அவன் அதை நினைப்பதில்லை. எதையும் நினைப்பதில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டான். தூங்கு என்றால் படுத்துக்கொண்டான்.

விதியை மீறிக் கம்பியைக் கட்டியது அவளேதான், ஆலைக்குப் பொறுப்பில்லை என்று நிர்வாகம் வாசலில் எழுதி ஒட்டியது. அதைக் கேள்விப்பட்டுத்தான் பத்திரிகைக்காரம்மா முதல் தடவை வந்தாள். ரோலர் பெண்களை விசாரித்தாள். அவர்களுக்கு வேலை பயம். பாதியைச் சொன்னார்கள், பாதியை விழுங்கினார்கள். கம்பியைக் கட்டமாட்டேன் என்று ஒருத்தி சண்டை போட்டதைச் சொன்னார்கள். அன்றைக்கே ஒருத்தியின் கை போனதைச் சொன்னார்கள். அந்த ஒருத்தியும் இந்த ஒருத்தியும் வேறு வேறு ஆள் என்பதை யாரும் சொல்லவில்லை. தொழிற்சங்கத்துச் செயலாளருக்குத் தெரியும். வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி அவரும் இருந்துவிட்டார். கட்டுரையில் இரண்டு பெண்களும் ஒருத்தியாகிவிட்டார்கள். கட்ட மறுத்தவள், மறுத்ததற்காகத் தனியாக ரோலரில் நிறுத்தப்பட்டவள், செத்தவள்.

அதற்குப் பிறகு அத்தைக்கு அந்தக் கட்டுரைதான் சோறு தண்ணி. அவளுக்குப் படிக்கத் தெரியாது. போகிற வருகிறவர்களை நிறுத்தி, கையில் கொடுத்து, படிக்கச் சொல்லிக் கேட்பாள். அவர்கள் முதல் வரியைத் தாண்டும் முன்பே, "எம்பொண்ணு யாருக்கும் பயந்தவ இல்ல" என்று முடிவுரையைச் சொல்லிவிடுவாள். மகள் செத்த அன்று அழுதவள், கட்டுரை வந்த நாளிலிருந்து அழவில்லை.

இன்று மாலை சங்கக் கட்டடத்தில் அந்த அம்மாவின் பேச்சு. 'கலகமும் மனச்சாட்சியும்' என்று தெருவெல்லாம் சுவரொட்டி. அதில் அவன் மனைவி முகம் இருந்தது. கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டியது. வெட்டியவன் அவசரக்காரன் போலும். அவள் தோளில் இவன் விரல்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன.

மேடையில் அவனும் உட்கார வேண்டும் என்று செயலாளர் சொல்லியிருந்தார். ஒன்றும் பேச வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

பத்திரிகைக்காரம்மா குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு வந்தாள். ஐம்பது தாண்டியவள். பேசிப் பிழைக்கிறவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கேட்டுக்கொண்டே இருந்தாள். சோறும் முட்டைக் குழம்பும். அவள் இரண்டாவது கரண்டிக்கே கையால் மறித்ததும், எழுதுகிற கைக்கு இவ்வளவுதான் தீனியா என்று அத்தை கேட்டாள். அந்த அம்மா சிரித்துக்கொண்டு இன்னும் போட்டுக்கொண்டாள்.

அத்தை மகள் புராணத்தைத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரை எதிர்த்துப் பேசியது, ரேஷன் கடைக்காரனை மன்னிப்புக் கேட்க வைத்தது, பெண் பார்க்க வந்த முதல் மாப்பிள்ளையைக் காபி தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பியது. இதெல்லாம் நடந்ததுதான். வீட்டில் அவள் வாய் காது வரைக்கும் நீளும். ஆலைக்குள் நுழைந்தால் இருக்கிற இடம் தெரியாது. அந்தப் பாதி அத்தைக்குத் தெரியாது. அத்தை ஆலைக்குள் வந்ததில்லை.

குழந்தை வந்தவளின் மடியில் ஏறி உட்கார்ந்து, எங்கம்மாவை உனக்குத் தெரியுமா என்று கேட்டது.

"எழுதித்தான் தெரியும்" என்றாள் அவள்.

அவளைச் சங்கக் கட்டடம் வரைக்கும் கொண்டுவிட அவன் குடை பிடித்துக்கொண்டு கூட நடந்தான். தெருவில் கணுக்கால் தண்ணீர். பூட்டிக் கிடந்த ஒரு கடையின் தகரச் சரிவுக்குக் கீழே ஒதுங்கியபோது அவன் வாயைத் திறந்தான்.

"அவ கட்டமாட்டேன்னு சொல்லல."

"யாரு?"

"என் சம்சாரம். அவதான் கட்டினா. தினமும் அவதான் கட்டுவா. மாட்டேன்னு சொன்னது வேற ஆளு."

மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ என்று ஒரு கணம் சந்தேகப்பட்டான். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஈரத் தலைப்பு. கண்ணாடி இன்னும் மங்கியது.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?"

"நீங்க என்னைக் கேக்கல. அத்தையக் கேட்டீங்க, செயலாளரக் கேட்டீங்க. நான் அப்ப உள்ள படுத்துக் கிடந்தேன்."

"ஆமா. கேக்கல" என்றாள். தப்பை அவள் யார் தலையிலும் தள்ளவில்லை. "இப்ப மட்டும் ஏன்?" என்றாள்.

பதிலை அவன் தேடித்தான் எடுத்தான்.

"மேடையில உக்காரச் சொல்றாங்க. உங்க கதையில வர்றவ எனக்குப் பழக்கமில்ல. அவ புருஷன்னு நான் எப்படி உக்கார்றது? எல்லாரும் அவளையே சொல்றாங்க. என்னோட இருந்தவ முகம் எனக்கே மறந்துட்டு வருது."

அவள் யோசித்தது அவனுக்குத் தெரிந்தது. நான் இதை மேடையில் திருத்தினால் நிர்வாகம் நாளைக்கே அதைச் சுவரில் ஒட்டும் என்றாள். கட்ட முடியாத தடுப்புப் போடச் சொல்லிச் சங்கம் கேட்டுக்கொண்டிருப்பது அதோடு படுத்துவிடும். திருத்தாமல் விட்டால், மனச்சாட்சியைப் பற்றிப் பேச நான் வந்ததே கேலிக்கூத்து. கடைசியில், இன்றைக்கு உங்கள் மனைவி பெயரை எடுக்காமல் பேசுகிறேன், அவ்வளவுதான் என்னால் முடியும் என்றாள். மறுத்த பெண் யார், பார்க்க முடியுமா என்று கேட்டாள். உங்களைக் கண்டால் துடைப்பம் எடுப்பாள், நானே போய்ப் பார்க்கிறேன் என்றான்.

மறுத்தவளைச் சண்டைக்கோழி என்றால்தான் ஆலையில் தெரியும். ரோலரில் அவன் மனைவிக்கு ஜோடியாக நின்றவள். ஆலையை விட்டு அனுப்பிய பிறகு வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். அறை முழுக்கப் பனியன் குவியல். நடுவில் கத்தரிக்கோலும் அவளும்.

"வா பாய்லரு. தீ அணைஞ்சுபோச்சா, இந்தப் பக்கம் காத்தடிக்குது?"

அவன் உட்காரக் குவியலை ஒதுக்கினாள். கையும் கத்தரியும் நிற்கவில்லை. கூட்டத்துக்கு வர வேண்டும் என்று அவன் கேட்டான். நடந்ததைச் சொன்னான்.

"செத்த பிள்ளைக்குக் கண்ணு பெருசு தம்பி. இருக்கிறவ கண்ணைப் பத்தி யாரு பேசப்போறா? விடு. எனக்கு அதுல வருத்தமில்ல."

"மாட்டேன்னு சொன்னது நீங்கதானக்கா."

"சொன்னேன். நெஞ்ச நிமித்திக்கிட்டுத்தான் வெளிய வந்தேன். சந்தோஷமா இருந்துச்சு, அதையும் சொல்லிடறேன். வழியில டீ வாங்கிக் குடிச்சேன். நான் குடிச்சுக்கிட்டு இருந்தப்ப உள்ள என் இடத்துக்கு ஆள் போடல. ரெண்டு முனையையும் அவ ஒருத்தியே பிடிச்சிருக்கா." பிசிறு வெட்டி ஊதினாள். "அவ போடற முடிச்சு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றான்.

"மத்தவளுங்க போடற முடிச்ச நாய் கடிச்சாலும் அவுக்க முடியாது. இவ சுருக்குப் போட்டு ஒரு வால் விடுவா. வால இழுத்தா கம்பி மடார்னு இறங்கிடும், மெஷின் நின்னுடும். மாட்டிக்கிட்டவளுக்கு இழுக்கக் கை ஏது? அதனால வால என் பக்கமாத் தொங்க விடுவா. இங்க, என் கைக்கு எட்டற மாதிரி." கத்தரி நின்றது. "அன்னிக்கும் அந்தப் பக்கந்தான் தொங்கியிருக்கும்."

வெளியே கூரைத் தண்ணீர் ஒரு பாத்திரத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவள் எழுந்துபோய் அதைக் கொட்டிவிட்டு வந்தாள்.

"என்னைக் கொண்டுபோய் மேடையில வெச்சுடாதே. கை தட்டுவாங்க. என்னால தாங்க முடியாது" என்றாள்.

அவன் கூட்டத்துக்குப் போனபோது இருக்கைகள் நிரம்பிவிட்டிருந்தன. ஈரத் துணியும் மனித மூச்சுமாக அறை ஆலையைப் போலவே புழுங்கியது. ரோலர் பெண்கள் ஒரு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சூப்பர்வைசரின் மைத்துனன் கடைசியில் சுவரில் சாய்ந்து நின்றான். முன்வரிசையில் அத்தை, நல்ல சேலையில், மடியில் குழந்தையோடு. செயலாளர் அவனை மேடையில் சுவரொட்டிக்குக் கீழே உட்காரவைத்தார்.

பத்திரிகைக்காரம்மா குரலை உயர்த்தாமல் பேசினாள். கலகம் என்றதும் நமக்குக் கொடியும் கூச்சலும் ஞாபகம் வருகிறது என்றாள். நான் பார்த்த கலகங்கள் அநேகமாகச் சத்தமில்லாதவை. பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடாத குமாஸ்தா. தடியை ஓங்கச் சொன்னபோது கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போன காவலர். அவர்களை நாம் கொண்டாடுகிறோம், சரிதான். ஆனால் ஒருவர் மாட்டேன் என்று வெளியேறிய பிறகு அந்த வேலை யார் கைக்குப் போகிறது என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. எழுதுகிறவர்களுக்கு வீரர்கள் வேண்டும். வீரர் கிடைத்ததும் நாங்கள் கேள்வியை நிறுத்திவிடுகிறோம். தனி மனிதரின் மறுப்பு விளக்கு மாதிரி, பக்கத்தில் இருப்பவர்கள் கையால் மறைத்துப் பிடிக்காவிட்டால் காற்று அணைத்துவிடும்.

கூட்டம் பொறுமையாகக் கேட்டது. ஆனால் அவர்கள் காத்திருந்தது வேறொன்றுக்கு. நாற்காலிகள் முனகத் தொடங்கின. அவள் முடித்துவிடப் போகிறாள் என்று தெரிந்ததும் முன்வரிசையிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"எம்பொண்ணப் பத்திச் சொல்லுங்கம்மா."

இரண்டு மூன்று பேர் கை தட்டினார்கள். பத்திரிகைக்காரம்மா மைக்கைப் பிடித்தபடி நின்றாள். "அதைச் சொல்ற உரிமை எனக்கு இல்லம்மா. நான் சரியா விசாரிக்காம எழுதிட்டேன்" என்றாள். அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருக்க அவள் பாடுபட்டது அவனுக்குத் தெரிந்தது.

எழுந்தது எப்போது என்று அவனுக்கே தெரியாது. மைக் முன்னால் நின்றான்.

"என் சம்சாரம் கம்பியக் கட்டினா."

தடுமாறிச் சொல்கிறான் என்று நினைத்தார்கள். கட்டமாட்டேன்னு சொன்னாங்கன்னு சொல்லுங்க என்று செயலாளர் பின்னாலிருந்து முணுமுணுத்தார்.

"கட்டினா" என்றான் மறுபடி. "எல்லாரும் கட்டறாங்க. இன்னிக்குக் காலைலயும் கட்டியிருந்துச்சு. கட்டறதுக்குத் துணியக் கிழிச்சு மேசை டிராயர்ல வெச்சிருக்கறது சூப்பர்வைசரு. வெளியாளுங்க பாக்க வர்ற அன்னிக்கு மட்டும் அவுக்கச் சொல்லுவாங்க. ஒரு அக்கா மாட்டேன்னாங்க. அவங்கள அனுப்பிட்டு அந்த இடத்தக் காலியா விட்டாங்க. பக்கத்துல ஆள் இருந்திருந்தா அவ பொழைச்சிருப்பா. என் சம்சாரம் சண்டை போடல. வேலை பாத்தா."

கை தட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் விளங்கவில்லை. ரோலர் பெண்கள் குனிந்து மடியில் கிடந்த தங்கள் கைகளைப் பார்த்தார்கள். சூப்பர்வைசரின் மைத்துனன் கதவைச் சாத்தாமல் வெளியே போனான். அத்தை குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், குடையும் இல்லாமல் மழையில் இறங்கினாள்.

அவன் வீட்டுக்குப் போனபோது தட்டில் சோறு போட்டு மூடி வைத்திருந்தது. குழந்தை தலை துவட்டப்படாமல் தூங்கிவிட்டிருந்தது. அத்தை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை முழங்கால் வரைக்கும் சேறு.

அவன் சாப்பிடவில்லை. சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை.

"ஊரு முன்னால எம்பொண்ணக் கவுத்துட்டீங்க மாப்ள" என்றாள் கடைசியில். "எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டீங்க. அப்படி என்ன பெரிய உண்மை? அத வெச்சு அடுப்பெரியுமா?"

அவள் திட்டித் தீர்க்கட்டும் என்று அவன் காத்திருந்தான். ஆனால் அவள் திட்டவில்லை. சுவரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"பயந்தவளா அவ?"

"மெஷினுக்குப் பயப்படுவா அத்தை. அதனாலதான் வால் விட்டுக் கட்டுவா."

என்ன வால் என்று கேட்டாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டிக் காட்ட முயன்றான். அவனுக்கு வரவில்லை. சண்டைக்கோழி சொன்னதை அப்படியே சொன்னான். யார் பக்கம் வால் தொங்கும் என்பதையும் ஏன் என்பதையும் சொன்னான். அத்தை திரும்பி உட்கார்ந்தாள். துண்டை அவன் கையிலிருந்து வாங்கி, பார்க்காமலே ஒரு சுருக்குப் போட்டாள். ஒரு முனை நீளமாகத் தொங்கியது. இழுத்தாள். அவிழ்ந்தது.

"அவ பின்னலுக்கு நான் போட்டுவிட்ட முடிச்சு" என்றாள்.

பிறகு அழுதாள். முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளாமல், குழந்தை எழுந்துவிடுமே என்று பார்க்காமல் அழுதாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். போ என்று யாரும் சொல்லவில்லை. அவனே போனான்.

மறுநாள் மழை வெறித்திருந்தது. அவனுக்கு முன்பாகவே ஆலைக்குச் செய்தி போய்விட்டது. சூப்பர்வைசர் டிராயரைக் காலி செய்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு ரோலருக்குப் பக்கத்தில் நின்றார். மேலிடத்திலிருந்து ஆள் வந்தாலும் வரலாம், ஒருத்தியும் கம்பியைத் தொடக் கூடாது, ஏன் என்று நேற்றுப் பேசின பெரிய மனுஷனைக் கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். அவனைப் பற்றி முடிவு பண்ணுவதற்கு அலுவலகத்தில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கூப்பிடுகிற வரைக்கும் பாய்லரைப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தான்.

ரோலர் ஓடியது. நின்றது. சாவி போட்டார்கள். ஓடியது. ஒரு விரிப்புச் சுருண்டது. நின்றது. பாய்லர் அறையில் இருந்தபடியே அவனுக்குக் கேட்டது. ஓடுகிற சத்தத்தைவிட நிற்கிற சத்தம் பெரிதாக இருந்தது. நடுநடுவே பெண்களின் வசவு. யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை.

மத்தியானம் ஆகும் முன்பே அவர்களில் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். வியர்வை முகத்தில் வழிந்தது. நேற்று மடியைப் பார்த்துக் குனிந்திருந்தவர்களில் ஒருத்திதான்.

"நல்லாருக்கியா? பொண்டாட்டி பேரக் கெடுத்த, எங்க பொழப்பையும் கெடுத்த. பாதி மூட்டை அப்படியே கெடக்குது. இன்னிக்குப் பொழுது சாய்ஞ்சாலும் வீடு போய்ச் சேர மாட்டோம். பிள்ளைங்க கதவத் திறந்து போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். உனக்கென்ன, வாய் இருக்குன்னு பேசிட்ட. எத்தன மாசம் ஊமையா இருந்தவனுக்கு நேத்துத்தான் பேச்சு வந்துச்சா?"

அவள் சொன்னது எல்லாமே சரிதான் என்று அவனுக்குப் பட்டது. அவன் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் உள்ளே ரோலர் மறுபடி நின்றது.

"போச்சுடா" என்றாள். அவனை இன்னும் ஏதோ திட்டிக்கொண்டே, இரண்டு கைகளையும் வீசி உள்ளே ஓடினாள்.